வன்னி நினைவிடங்களில் போனும் கேமும்: புதிதாக வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டுப் பள்ளிக்கூடங்கள் கோடை விடுமுறை விட்டதும் இலங்கையின் வடக்கே வன்னிக்குப் போகும் ஏ9 வீதியில் வான்கள் கூடிவிடும். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று எங்கெங்கோ பிறந்த பிள்ளைகள் தாய் தகப்பனின் ஊரைப் பார்க்க வருகிறார்கள். நல்லூர்த் திருவிழா, மடுத் திருவிழா, இடையில் ஒருநாள் முள்ளிவாய்க்கால். கொழும்பிலிருந்தும் மலையகத்திலிருந்தும் சுற்றுலா வரும் மாணவர்கள் இருக்கிறார்கள். மாற்றலாகி வன்னிக்கு வரும் ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். எல்லோர் கையிலும் போன், பாதிப் போனில் கேம்.

கேம் விளையாடுவது குற்றமென்று நான் சொல்லவில்லை. வன்னிப் பொடியளும் பின்னேரம் மதகில் குந்தியிருந்து ஃபிரீ ஃபயர் விளையாடுகிறார்கள். ஆனால் இந்த மண்ணில் சில இடங்களில் அதை நிறுத்தத்தான் வேண்டும். எங்கே, எப்படி என்பதை யாராவது முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிள்ளைகள் கேட்பார்கள். பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புறப்படும் முன்: எங்கே போகிறோம் என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள்

வேறு நாடுகளில் நினைவிடம் என்றால் ஒரு வாசல் இருக்கும், அறிவிப்புப் பலகை இருக்கும், காவலாளி இருப்பார். வன்னியில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். முள்ளிவாய்க்காலில் நினைவு முற்றம் ஒன்று இருக்கிறது. ஆனால் 2009 மே மாதம், போரின் முடிவில், சனம் கடைசியாக அடைபட்டுக் கிடந்தது கடலுக்கும் நந்திக்கடலுக்கும் இடைப்பட்ட அந்த மணல் துண்டு முழுவதிலும்தான். முற்றத்துக்கு வெளியே நீங்கள் வானை நிறுத்தும் இடத்திலும் யாரோ யாரையோ பறிகொடுத்திருப்பார்கள். வட்டுவாகல் பாலமும் அப்படித்தான். கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு சனம் வெளியேறிய பாதை அது. பாலத்தில் இறங்கி செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது வெறும் நீர்க்காட்சி.

கிளிநொச்சி கனகபுரம், விசுவமடு, முள்ளியவளை, அளம்பில் போன்ற ஊர்களில் போரில் இறந்த புலிப் போராளிகளை அடக்கம் செய்த மாவீரர் துயிலும் இல்லங்கள் இருந்தன. போர் முடிந்த கையோடு அவை இடித்துத் தள்ளப்பட்டன. சிலவற்றின் மேல் இராணுவ முகாம் வந்தது. மற்றவற்றில் சனம் பற்றை வெட்டித் துப்புரவாக்கி, உடைந்த கல்லறைத் துண்டுகளைப் பொறுக்கி ஓரிடத்தில் சேர்த்து விளக்கேற்றுகிறது. நவம்பர் தவிர்ந்த நாட்களில் பார்த்தால் சில இடங்கள் வெறுங்காணி போலத் தெரியும். கூகுள் மேப் எல்லாவற்றையும் சொல்லாது. ஊர்க்காரர் சொல்வார்கள். தேத்தண்ணிக் கடையில் இறங்கி, “ஐயா, இந்தக் காணி என்ன காணி?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

வள்ளிபுனத்தில் 2006 ஆகஸ்ட் 14 அன்று செஞ்சோலை சிறுவர் இல்ல வளாகத்தின்மீது விமானக் குண்டுகள் விழுந்தன. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இந்தத் திகதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மடுத் திருவிழாவுக்கு முதல் நாள், நீங்கள் விடுமுறையில் நிற்கும் நாள். உங்கள் பிள்ளையின் வயதில் இறந்துபோன பிள்ளையின் படத்துக்கு அன்றைக்கு ஒரு தாய் பூ வைத்துக்கொண்டிருப்பாள்.

மற்ற நாட்களையும் சொல்லிவிடுகிறேன். மே 12 முதல் 18 வரை முள்ளிவாய்க்கால் நினைவு வாரம், 18 முற்பகலில் பொதுச்சுடர். நவம்பர் 27 மாவீரர் நாள்: மாலை 6.05க்கு மணி ஒலிக்கும், 6.06க்கு அகவணக்கம், 6.07க்குச் சுடர். டிசம்பர் 26 காலையில் முல்லைத்தீவுக் கரையில் சுனாமி நினைவு. இந்த நாட்களில் கேமை முழுதாக மறந்துவிடுங்கள். வீதியிலும் சரி, வானுக்குள்ளும் சரி. மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் விலக்கு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொரு வகை இடம் இருக்கிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 முதல் தொடர் போராட்டம் நடத்தி வருகிறார்கள். கொட்டிலுக்குள் வரிசையாகப் படங்கள் மாட்டியிருப்பதைப் பார்த்ததும் இதுவும் நினைவிடம் என்று நினைத்து அனுதாபம் சொல்லிவிடாதீர்கள். அந்த அம்மாமார் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். “இவர் உங்கட மகனா அம்மா?” என்று கேளுங்கள். அவர் சொல்வதைக் கேளுங்கள். அந்த நேரம் போன் பொக்கெற்றில் இருக்கட்டும்.

வாகனத்துக்குள்: போனை முதலே தயார்ப்படுத்துங்கள்

இறங்கிய பிறகு “கேமை நிப்பாட்டு” என்று பிள்ளையோடு இழுபறிப்படுவதைவிட, வரும் வழியில் ஓர் இடத்தை எல்லையாக வைத்துக்கொள்வது நல்லது. பரந்தனில் திரும்பி ஏ35 வீதியால் வருகிறீர்களென்றால் புதுக்குடியிருப்புச் சந்தியை எல்லையாக வையுங்கள். அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: “இந்த மட்ச் முடியட்டும், அடுத்தது தொடங்க வேண்டாம்.” பப்ஜியோ ஃபிரீ ஃபயரோ இடையில் நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு தொடரக்கூடிய விளையாட்டு இல்லை. நடுவில் விட்டால் ஸ்குவாடில் இருக்கும் மற்ற மூன்று பேருக்கும் நட்டம். பிள்ளைகள் முரண்டு பிடிப்பதற்கு இது உண்மையான காரணம். பெரியவர்கள் இதை விளங்கிக்கொண்டால் பாதிச் சண்டை வராது.

அடுத்தது சத்தம். இங்கேதான் நிறையப் பேர் பிழை விடுகிறார்கள். போனை சைலன்ட்டில் போட்டால் சரியென்று நினைக்கிறார்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் சைலன்ட் என்பது மணிச் சத்தத்தையும் நோட்டிபிகேஷனையும்தான் அடக்கும். கேமின் சத்தமும் வீடியோவின் சத்தமும் வேறு கணக்கு. மீடியா சத்தத்தைத் தனியாகப் பூச்சியத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஹெட்செட் இருக்கிறதே என்றும் நம்பி இருக்காதீர்கள். புளூடூத் இயர்பட் சார்ஜ் இறங்கினாலோ காதிலிருந்து கழன்றாலோ சத்தம் ஸ்பீக்கருக்குத் தாவும் போன்கள் இருக்கின்றன. ஹெட்செட் போட்டிருப்பவருக்குத் தான் மைக்கில் எவ்வளவு பெரிதாகக் கத்துகிறோம் என்பதும் தெரியாது. ஆகவே கேமை மூடுங்கள். பின்னணியிலும் ஓடவிடாமல் முழுதாக மூடுங்கள். பிறகு ஃபிளைட் மோட். குடும்பத்தில் ஒருவரின் போன் மட்டும் வைப்ரேஷனில் இருந்தால் போதும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு என்று கேட்கலாம். ஒரு சாதாரண நாளில், கூட்டமே இல்லாத நேரத்தில், முள்ளிவாய்க்காலில் ஒரு அம்மா விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் மண்ணை அளைந்தபடி பேத்தி. சற்றுத் தள்ளி ஒரு பொடியன் போனைக் கிடையாகப் பிடித்துக்கொண்டு நின்றான், பன்னிரண்டு வயது இருக்கும். ஸ்பீக்கரில் படபடவென்று வெடிச் சத்தம். போத்தல் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது. அவர் பொடியனைப் பார்க்கவில்லை. முதலில் வானத்தைப் பார்த்தார். பிறகு பேத்தியின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். அதற்குப் பிறகுதான் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தேடினார். கண்டதும், “தம்பி, அதைக் கொஞ்சம் குறையன் ராசா” என்றார். கோபம் துளியும் இல்லை. பொடியன் வெலவெலத்துப்போய் போனையே அணைத்துவிட்டான். பாவம், அவனுக்கு என்ன தெரியும்? கூட வந்த பெரியவர்கள் நிழலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

துவக்குச் சத்தம் வரும் கேம்களை நான் தனியாகச் சொல்வது இதற்காகத்தான். விளையாடுபவனுக்கு அது பொழுதுபோக்கு. ஷெல்லுக்குள் பங்கருக்குள் மாதக்கணக்கில் கிடந்தவருக்கு உடம்பு முந்திக்கொள்ளும், அறிவு பிந்தித்தான் வரும். இதே காரணத்துக்காக வன்னியில் நீங்கள் தங்கும் வீட்டிலும் ஸ்பீக்கரில் விளையாடாமல் இருப்பது நல்லது. அந்த வீட்டு அப்பம்மா ஒன்றும் சொல்லமாட்டார். சொல்லாததால் ஒன்றும் இல்லையென்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போக்கிமொன் கோ விளையாடுபவர்களுக்கு

நடந்து திரிந்து விளையாடும் கேம்களின் சிக்கல் வேறு. இந்தக் கேமின் வரைபடத்தில் நிஜ இடங்களில் வரும் போக்கிஸ்டொப்பும் (பொருள் சேர்க்கும் இடம்) ஜிம்மும் (மோதும் இடம்) வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அதைச் செய்த நியான்டிக் நிறுவனம் அதற்கு முன் இன்கிரெஸ் என்றொரு கேமை நடத்தியது. அதை விளையாடியவர்கள் தங்கள் ஊரிலுள்ள சிலை, நினைவுக் கல், கோயில், சுவரோவியம் என்று படம் பிடித்து அனுப்பினார்கள். அந்தப் பட்டியலே போக்கிமொன் கோவுக்குப் போனது. ஒரு கல் அழகுக்கு வைத்ததா, பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் நட்டதா என்று கேமுக்குத் தெரியாது.

2016 ஜூலையில் கேம் வெளிவந்த சில நாட்களிலேயே வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகம், இங்கே விளையாட வேண்டாம் என்று வருபவர்களைக் கேட்டுக்கொண்டது. போலந்தின் அவுஷ்விட்ஸ் அருங்காட்சியகமும் அதையே கேட்டது. ஹிரோஷிமா நகரம் ஆகஸ்ட் 6 நினைவு நாளுக்கு முன் அமைதிப் பூங்காவிலிருந்து எல்லாவற்றையும் அகற்றச் சொன்னது, அகற்றப்பட்டது. கம்போடியாவின் துவோல் ஸ்லெங்கிலும் விளையாடத் தடை வந்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த இடங்களுக்கெல்லாம் கேட்பதற்கு ஒரு நிர்வாகம் இருந்தது. துயிலும் இல்லத்துக்காகக் கடிதம் எழுத எந்த அலுவலகமும் இல்லை. ஊர்ச் சனமும் ஏற்பாட்டுக் குழுவும்தான் இருக்கிறார்கள். அதனால் இங்கே விளையாடுபவரே பார்த்து நடந்தால்தான் உண்டு.

செய்ய வேண்டியது இதுதான். நினைவிடம் இருக்கும் ஊருக்குள் நுழைந்ததும் கேமை மூடுங்கள். நடந்த தூரம் வீணாகிவிடுமே என்று பிள்ளை கவலைப்பட்டால், அட்வென்சர் சிங்க் என்ற வசதியை முன்பே போட்டுவிடுங்கள். கேம் மூடியிருந்தாலும் போன் காலடியைக் கணக்கெடுக்கும், கேமில் முட்டை பொரிக்க நடக்க வேண்டிய தூரமும் சேரும். சும்மா சொல்லவில்லை, பத்து வயதுப் பிள்ளையிடம் இதைச் சொன்னால் போனைத் தானாகவே தந்துவிடும். கமராவைத் திறந்து போக்கிமொனை நிஜ இடத்தில் நிற்கவைத்துப் படமெடுக்கும் ஏஆர் வசதியை நினைவுக் கல்லுக்கு முன்னால் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். எவ்வளவு ‘கியூட்’டாக இருந்தாலும்.

நினைவிடத்துக்குள் ஒரு ஸ்டொப் இருப்பதைக் கண்டால், அதன் விவரப் பக்கத்தைத் திறந்து அந்த இடத்தைப் பற்றி முறையிடலாம். நினைவிடம், விளையாட்டுக்குப் பொருத்தமில்லை என்று சுருக்கமாக எழுதுங்கள். 2025இல் இந்தக் கேம் ஸ்கோப்லி நிறுவனத்தின் கைக்கு மாறியது, முறையிடும் வழி கேமுக்குள்ளேயே இருக்கிறது. முறையிடுவதை வீட்டுக்குப் போன பிறகு செய்யலாம், அங்கே நின்று போனை நோண்ட வேண்டாம். இன்னொன்று: உங்கள் நிலை உயர்ந்து புதிய இடங்களைப் பரிந்துரைக்கும் தகுதி வந்திருந்தால், “வன்னியில் ஸ்டொப் குறைவு, நாமாவது சேர்ப்போம்” என்ற ஆர்வம் வரும். நல்ல ஆர்வம்தான். முத்தையன்கட்டுக் குளக்கட்டைக் கொடுங்கள், சந்தியிலுள்ள வாசிகசாலையைக் கொடுங்கள். முள்ளிவாய்க்காலையும் துயிலும் இல்லங்களையும் செஞ்சோலையையும் கொடுக்காதீர்கள்.

பாதையை விட்டு இறங்காதீர்கள்

இது உயிர் சம்பந்தப்பட்டது. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் மிதிவெடி அகற்றும் வேலை இன்னும் முடியவில்லை. முகமாலைப் பக்கம் போனால் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகளைப் பார்க்கலாம். திரையில் ஏதோ பளிச்சிடுகிறதென்று பற்றைக்குள் இறங்கும் பழக்கத்தை வன்னியில் அடியோடு விடுங்கள். பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையில் மட்டும் நடங்கள். மணலில் செருப்போ, துருப்பிடித்த தகரமோ, குழாய் மாதிரி ஏதாவதோ கிடந்தால் தொடவும் கூடாது, காலால் தட்டவும் கூடாது. நினைவாக எடுத்துக்கொண்டு போகலாமென்று நினைக்கவே வேண்டாம். இராணுவ முகாம் வேலி தெரிந்தால் கமராவை அந்தப் பக்கம் திருப்பாதீர்கள்.

உள்ளே

செருப்பைக் கழற்றுவதா இல்லையா என்று முன்னால் போகிறவரைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். மே வாரத்தில் போனால் கஞ்சி தருவார்கள். அரிசி, தண்ணீர், உப்பு. வேறொன்றும் இல்லை. கடைசி நாட்களில் சனத்துக்குக் கிடைத்ததே அதுதான். பல இடங்களில் சிரட்டையில் ஊற்றித் தருவார்கள். சுடும், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு மறுகையை நீட்டாதீர்கள். ருசி பிடிக்காத பிள்ளைக்குக் கொஞ்சமாக வாங்கிக் கொடுங்கள், கீழே ஊற்ற விடாதீர்கள். டிக்டொக்கில் “முள்ளிவாய்க்கால் கஞ்சி ட்ரை பண்ணுறம்” என்று முகத்தைச் சுளித்து எடுக்கும் வீடியோவெல்லாம் வேண்டவே வேண்டாம். அது உணவு விமர்சனத்துக்கு உரிய பொருளல்ல.

படம் எடுக்கலாமா? முற்றத்தை, சுடரை, கடலை எடுக்கலாம். அழுகிற முகத்தை எடுக்காதீர்கள். ஒருவர் தன் பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தால், “எடுக்கலாமோ அம்மா?” என்று கேட்டு, அவர் தலையாட்டிய பிறகு எடுங்கள். சிலர், “எடு பிள்ளை, என்ர பிள்ளையை எல்லாரும் பார்க்கட்டும்” என்பார்கள். சிலர் முகத்தைத் திருப்புவார்கள். முகத்தைத் திருப்பினால் போனை உடனே கீழே இறக்கிவிடுங்கள், இன்னொருமுறை கேட்க வேண்டாம்.

பதிவிடும்போது கூடுதல் கவனம் தேவை. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்த நாட்டில் உண்டு. நினைவுகூரலோடு தொடர்புடைய பேஸ்புக் பதிவுகளுக்காக இளைஞர்கள் கைதாகியிருக்கிறார்கள். நீங்கள் விமானமேறிப் போய்விடுவீர்கள், உங்கள் படத்தின் பின்னணியில் நிற்கும் ஊர்ப் பொடியன் இங்கேதான் இருக்க வேண்டும். புலிகள் இயக்கச் சின்னங்கள் தெரியும் படத்தையோ மற்றவர்களின் முகம் தெரியும் படத்தையோ அவசரப்பட்டுப் போடாதீர்கள். நேரலை வேண்டாம். இருப்பிடத்தை இணைக்க வேண்டாம்.

இராணுவ நினைவுச் சின்னங்களில்

கிளிநொச்சி நகரில் பெரிய சீமெந்துக் கட்டியைத் துளைத்த குண்டும் தாமரைப் பூவுமாக ஒரு சின்னம் இருக்கிறது. ஆனையிறவில் 1991 சண்டையில் புலிகள் பயன்படுத்திய கவச புல்டோசர் வைக்கப்பட்டிருக்கிறது. புதுக்குடியிருப்புப் பக்கத்திலும் வெற்றிச் சின்னம் உண்டு. இவற்றைப் பற்றித் தமிழ்ச் சனத்துக்கு ஆழமான வருத்தம் உண்டு, எனக்கும் உண்டு. தன் பிள்ளையின் கல்லறை இடிக்கப்பட்ட தாய் அந்தச் சின்னத்தைக் கடந்துதான் சந்தைக்குப் போகிறாள். ஆனாலும் அங்கே தெற்கிலிருந்து வந்து, இறந்துபோன மகனையோ அண்ணனையோ நினைத்து நிற்கும் குடும்பங்களும் உண்டு. அவர்களுக்கு முன்னால் போனைத் தூக்கிப்பிடித்துக் கேம் விளையாடுவதும், சின்னத்தில் ஏறி நின்று கூத்தடிப்பதும் சரியில்லை. போக விருப்பமில்லையென்றால் போகாமல் இருக்கலாம். போனால் அதே ஒழுங்கு.

வேறொருவர் விளையாடிக்கொண்டிருந்தால்

தூரத்திலிருந்து கத்தாதீர்கள். வீடியோ எடுத்து “இந்தத் தலைமுறையைப் பாருங்கோ” என்று பேஸ்புக்கில் போடவே போடாதீர்கள். பதினான்கு வயதுப் பிள்ளையை ஊர் முழுக்க அவமானப்படுத்தி யாருக்கு என்ன கிடைக்கப் போகிறது? கிட்டப் போய், குனிந்து, மெதுவாகச் சொல்லுங்கள்: “தம்பி, இது ஆக்கள் செத்த இடம். அந்த அம்மா தன்ர பிள்ளைக்கு விளக்குக் கொளுத்துறா. கொஞ்ச நேரம் போனை உள்ள வையுங்கோ, என்ன?” தமிழ் விளங்காத பிள்ளையென்றால் உதட்டில் விரலை வைத்து விளக்கைக் காட்டினாலே போதும்.

வயதுவந்தவர் என்றால் அதே சொற்கள், “அண்ணை” என்று தொடங்குங்கள். கேட்காவிட்டால் இரண்டாந்தரம் வாக்குவாதப்பட வேண்டாம். ஏற்பாட்டுக் குழுவில் ஒருவரிடம் சொல்லிவிட்டு விலகுங்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். சின்னப் பிள்ளை அழ ஆரம்பித்தால் பெற்றோரைக் கூப்பிட்டுத் தனியாகச் சொல்லுங்கள். பிள்ளையை வீதிப் பக்கம் கூட்டிக்கொண்டு போய், வானுக்குள் ஏசியைப் போட்டு இருத்தி, அங்கே சத்தமில்லாமல் விளையாட விடலாம். ஆறு வயதுப் பிள்ளையால் ஒரு மணித்தியாலம் வெயிலில் அசையாமல் நிற்க முடியாது, அதை அங்கே வரும் அம்மாமாரும் அறிவார்கள். யாராவது ஒரு பெரியவர் பிள்ளையோடு கூட இருக்கட்டும்.

திரும்பி வரும் வழியில் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். “அந்தப் படத்திலை இருந்த அக்கா ஆர்?” “எங்கட அப்பப்பாவும் இங்க இருந்தவரோ?” தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் ஊரிலிருக்கும் மாமியையோ சித்தப்பாவையோ அன்றிரவு கேட்டுச் சொல்லுங்கள், அவர்கள் சம்மதித்தால் அதைப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கேள்வியெல்லாம் ஓய்ந்த பிறகு கேமைக் கேட்டால் கொடுங்கள். ஹெட்செட்டோடு.